நாய் வளர்ப்பிற் சிக்கனம்

நம் மதுரை மாநகரில் நாய் வளர்ப்போர் தொகை ஆண்டுக்காண்டு பெருகிவருவதை யாவரும் காண்கின்றோம். முன்னாளில் தோட்டங் காப்பதற்கும், ஆட்டுக்கிடை காப்பதற்கும், வேட்டைக்குமே நம் மக்கள் இவ்வுயிரை வேண்டினர். இந்நாளிலோ அண்ணாநகரிலும் எல்லீசு நகரிலும் இரண்டே அறைகள் கொண்ட மாடி வீட்டிலும் நாய் ஒன்று இடம்பெற்றுவிட்டது. இதனை நாம் குறையென்று கூறவில்லை. மனிதனும் நாயும் கூடி வாழத் தொடங்கிப் பதினாயிரம் ஆண்டுகட்கு மேலாயின என்பர் அறிஞர். அவ்வுறவு மாடி வீட்டிலும் தொடர்தல் இயல்பே. ஆயினும், நாய் வளர்ப்போர் இருவர் கூடுமிடத்து இப்பொழுது முதற்கண் எழும் பேச்சு நாயின் அறிவைப்பற்றியதன்று, அதனால் நேரும் செலவைப்பற்றியதே. 'யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல் ஆயிற்று' என்று அலுத்துக்கொள்வார் பலர். அவ்வலுப்பு முற்றிய சிலர் செய்வது யாதெனின், ஓரிரவு அந்நாயை வண்டியிலேற்றிக்கொண்டுபோய், நான்குவழிச் சாலையோரத்திலோ வைகைக் கரையிலோ இறக்கிவிட்டுத் திரும்பிவிடுதல். ஆதலின், நாய் வளர்ப்பிற் சிக்கனம் என்பது நகைத்துத் தள்ளத்தக்க பொருளன்று. அது நன்கு அறியப்பட்டிருப்பின், தெருவிற் கைவிடப்படும் நாய்களுள் ஒரு பகுதியேனும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

நம்மவர் சிக்கனம் அறியாதவர் அல்லர். அரிசி வாங்குமிடத்தும் துணி எடுக்குமிடத்தும் அவர் காட்டும் கருத்து வியக்கத்தக்கது. நாய் விஷயத்தில் மட்டும் அச்சிக்கனம் தலைகீழாய் நிற்கின்றது. குட்டி வாங்கும் நாளில் பல்லாயிரம் ரூபாயைக் கூசாமல் எண்ணிக்கொடுப்பார். பளபளக்கும் பையில் அடைத்த தீனிக்கு மாதந்தோறும் அளப்பார். பின்னர், ஆண்டிற்கு ஒருமுறை போடவேண்டிய தடுப்பூசிக்கு நாள் வரும்பொழுது, 'வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்க்கு ஊசி எதற்கு?' என்பார். எங்கே கையைச் சுருக்கலாமோ அங்கே விரித்து, எங்கே சுருக்கலாகாதோ அங்கே சுருக்குகின்றனர் என்பதே நம் குறை.

முதலாவது, நாயைத் தெரிந்தெடுத்தல். செலவின் பெரும்பகுதி அந்த ஒரு நாளிலேயே முடிவாகிவிடுகின்றது. ஆல்ப்ஸ் மலையின் பனியிற் பழகிய செயிண்ட் பெர்னார்டும், சைபீரியப் பனிவெளியிற் சறுக்குவண்டி இழுத்த ஹஸ்கியும், சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊருக்கு எவ்வாறு பொருந்தும்? நம்மைப்போல் உடல் முழுதும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் நாய்க்கு இல்லை. நாவைத் தொங்கவிட்டு இளைத்தே அது தன் வெப்பத்தைப் போக்கவேண்டும். அடர்ந்த இரட்டை உரோமப் போர்வையோடு பிறந்த நாய் பகலெல்லாம் குளிரூட்டும் எந்திரத்தின் முன்னே கிடப்பதும், வீட்டுக்காரர் மின்கட்டண அட்டையைப் பார்த்துப் பெருமூச்செறிவதும் இதனாலேயே. மூக்குக் குறுகிய 'பக்' முதலிய சிறு நாய்களோ, மூச்சு விடுதற்கே இடர்ப்படுவன. கோடையில் அவை வைத்தியர் வீட்டிற்கு வழியறிந்துவிடும்.

குட்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. அதன் எடைக்குரிய விலையோ அதன் ஆயுள் முழுவதும் கொடுப்பது. 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி உணவு போதும். 70 கிலோ நாய்க்கு அதனினும் இரண்டரை மடங்கு வேண்டும். மருந்தின் கணக்கு இன்னும் கடுமையானது. குடற்புழு நீக்கும் மாத்திரைகளுட் பல பத்துக் கிலோவிற்கு ஒன்று என்னும் அளவில் தரப்படுவன. ஆகவே முன்னதற்கு இரண்டு, பின்னதற்கு ஏழு. நோயுற்றுக் கிடக்கும் நாயைத் தூக்கிச்செல்ல ஆட்டோக்காரர் கேட்கும் கூலியும் எடையை ஒட்டியே இருப்பதை அனுபவித்தோர் அறிவர்.

அயல்நாட்டு இனத்தைத் தேடி அலைவோர், மதுரையிலிருந்து தெற்கும் மேற்கும் விரியும் சமவெளியே நாய்க்குப் பேர்போன நிலம் என்பதை மறந்துவிடுகின்றனர். வெண்ணிற உடலும் செந்நிற மூக்கும் உடைய இராசபாளையம் நாய், வேட்டைக்கு விரையும் சிப்பிப்பாறை நாய், அதற்கு உறவான கன்னி நாய், தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் ஆகியன யாவும் நம் சுற்றுவட்டத்தில் தோன்றியவையே. இந்திய அஞ்சல்துறை 2005-ஆம் ஆண்டு நாய்களுக்கென வெளியிட்ட நான்கு தபால்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. இவற்றின் குட்டை உரோமம் நம் வெயிலுக்கென்றே அமைந்தது; சீவுதலும் கத்தரித்தலும் வேண்டா. கரிசற் காட்டில் கம்பங்கூழும் சோளக்கஞ்சியும் உண்டு ஓடியவை இவற்றின் முன்னோர்.

எனினும், நாட்டு இனம் என்ற அளவிலேயே எல்லாம் நன்று என்று மயங்குதலும் கூடாது. 2020 ஆகஸ்டில் தலைமை அமைச்சர் வானொலியில் இவற்றின் பெயர்களை எடுத்துக்கூறிய பின்னர் இவற்றின்மேல் எழுந்த ஆசை மிகப் பெரிது. ஆசை எழுந்த இடத்தில் விலை ஏறுதலும், விலை ஏறிய இடத்தில் நெருங்கிய உறவுள்ள நாய்களையே மீண்டும் மீண்டும் சேர்த்துக் குட்டி எடுத்தலும் உலகியல்பு. இராசபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு மிகுதியும் காணப்படுவது பலரும் அறிந்தது. குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பார்த்து, அது திரும்புகின்றதா என்று நோக்கிய பின்னரே வாங்கவேண்டும். சிப்பிப்பாறையையும் கன்னியையும் மாடி வீட்டில் அடைத்தலோ அவற்றிற்குச் செய்யும் தீங்கு. ஓடுவதற்கென்றே படைக்கப்பட்ட கால்கள் அவை. திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தோட்டமும் வேலியும் உடையோர் வளர்க்கட்டும்.

நகரத்தில் இருப்போர்க்கு நாம் துணிந்து கூறுவது ஒன்று. தெருவில் ஈன்ற நாட்டுநாயின் குட்டியைப்போல் சிக்கனமானது பிறிதில்லை. விலை இல்லை, எடை பெரும்பாலும் இருபது கிலோவிற்குள் அடங்கும், வெயிலுக்கு அஞ்சாது, எந்த மனிதரும் வேண்டுமென்று தெரிந்தெடுத்துப் பெருக்கிய இனம் அன்றாதலின், தெரிந்தெடுத்தலால் விளையும் பிறவிக்குறைகளும் குறைவு. 'தெருநாய்' என்ற பெயரொன்றே அதற்குள்ள குறை. வீட்டிற்குள் வந்துவிட்டால் அப்பெயரும் பொருந்தாது.

இனி, உணவு. நாய்க்கென்று தனித்தீனி விற்பது பழைய வழக்கமன்று. 1860-ஆம் ஆண்டை ஒட்டி ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இலண்டனில் நாய் பிஸ்கோத்து விற்கத் தொடங்கினார். கப்பற்காரர் எறிந்த கெட்டி ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் உதித்தது என்பர். அதற்கு முன் நாய் எத்தனை ஆயிரம் ஆண்டு நம் சோற்றை உண்டே வாழ்ந்தது! 'நாய் ஓநாயின் இனம், அதற்கு மாமிசமே உணவு, சோறு ஆகாது' என்று கடைக்காரர் கூறுவது முற்றும் உண்மையன்று. 2013-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆய்ந்து கண்டதாவது: மாவுப்பொருளைச் செரிக்கச்செய்யும் நொதியை உண்டாக்கும் மரபுக்கூறு, ஓநாயிடம் இரண்டே படிகளாக இருக்க, நாயிடம் பல படிகளாகப் பெருகியுள்ளது. மனிதன் வேளாண்மை செய்து உண்டதைத் தானும் உண்டு, அதற்கேற்பத் தன் குடலையே மாற்றிக்கொண்ட உயிர் நாய்.

ஆகவே வீட்டு அடுப்பிலேயே நாய்க்கு உணவு சமைக்கலாம். 20 கிலோ நாய்க்கு, 200 கிராம் அரிசியோ கேழ்வரகோ கம்போ வேகவைத்து, அதனோடு 100 கிராம் அளவு கோழிக்கறியும் ஒரு முட்டையும், சிறிது பரங்கி அல்லது கேரட்டும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழப் போதும். வாரம் ஒருமுறை கறிக்குப் பதில் கொஞ்சம் ஈரல் நன்று. கோழிக்கடையில் நாம் வேண்டாமென்று விட்டுவரும் கழுத்தும் இரைப்பையும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பன. அவற்றை வேகவைத்து, எலும்பை நீக்கிப் போடவேண்டும். வெந்த கோழியெலும்பு ஊசிபோற் பிளந்து குடலைக் குத்தும். வீட்டுச் சமையலில் குறைவது சுண்ணாம்புச்சத்து. முட்டையோட்டைக் கழுவி, கொதிக்கவைத்துக் காயவைத்து, மாவாக இடித்து நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி கலந்தால் அக்குறை பெரிதும் தீரும். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. வளரும் குட்டிக்கும், சினைநாய்க்கும், நோயுற்ற நாய்க்கும் இக்கணக்கு வேறு. அவற்றுக்கு வைத்தியரைக் கேட்டே அளவு செய்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் வீட்டுச் சோறு என்றது வீட்டில் மிஞ்சிய குழம்புச் சோறு அன்று. நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் ஏது? அவை நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சிறிது சிறிதாகப் பல நாள் உண்டபோதும் இத்தீமை வரும். திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே நஞ்சு. வளர்ந்த நாய்களுட் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை; மோர் கலந்த சோறு செரிக்கும். மிச்சம் மீதியைக் கொட்டி வளர்த்து, தீனிச் செலவே இல்லை என்று பெருமை கொண்டோர், சோகையும் தோல்நோயும் பற்றிய நாயோடு வைத்தியர் வாயிலிற் காத்திருப்பது நாம் காணும் காட்சி. அதனினுங் கொடியது, நாய்க்குச் சுரம் என்றவுடன் வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்தல். வைத்தியர் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் நாயையே இழந்தோர் உளர்.

நாய்க்குச் சட்டை, நாய்க்கு மெத்தை, நாய்க்கு வாசனைத் தைலம், பிறந்தநாளுக்கு அணிச்சல் என்பவற்றைப்பற்றி நாம் மிகுதியும் எழுத விரும்பவில்லை. பழஞ்சாக்கில் பழைய வேட்டியை மடித்துப் போட்டால் அது தூங்கும். மாதம் ஒருமுறை குளிப்பாட்டினாற் போதும். நாடோறும் சவுக்காரம் இட்டுத் தேய்த்தால் தோலின் எண்ணெய்ப்பசை போய்ச் சொறி வரும். நம் ஊரில் தண்ணீருக்கும் விலை உண்டு.

உண்ணி மட்டும் சிறிது விரிவாய்க் கூறத்தக்கது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் உண்ணி அடங்கும்; மதுரைச் சீமையில் அதற்கு ஓய்வில்லை. நாயின் இரத்தத்தைக் குடித்து வீங்கிய உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனாற் பரவும் உண்ணிச்சுரம் இரத்தத்தையே கெடுப்பது. அதற்குரிய வைத்தியம் பல வாரம் நீள்வது. வேப்பிலை நீரால் எல்லா உண்ணியும் ஒழியும் என்பாரை நாம் நம்புதற்கில்லை. சுவர் வெடிப்பைப் பூசி அடைத்தல், நாய் படுக்குமிடத்தை வெயிலில் உலர்த்துதல், காதுமடலையும் விரலிடுக்கையும் நாடோறும் தடவிப் பார்த்து உண்ணியைப் பிடுங்கிச் சோப்பு நீரில் இடுதல் ஆகிய மூன்றும் காசின்றி ஆவன. அவற்றோடு வைத்தியர் கூறும் உண்ணி மருந்தையும் தவறாது இடின் சுரத்தின் செலவுக்கு அஞ்சவேண்டுவதில்லை.

நிற்க. இதுகாறும் கூறியவற்றில் சிக்கனம் செய்யலாம், செய்யவும் வேண்டும். தடுப்பூசியில் மட்டும் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1885 ஜூலை 6-ஆம் நாள் பாரிசு நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் தம் மருந்தை ஏற்றி அவனைக் காத்தார். 1907-இல் நம் குன்னூரிலேயே அம்மருந்துக்கென நிலையம் ஏற்பட்டது. மருந்து கண்டு நூற்றுநாற்பது ஆண்டு கடந்தபின்னும் வெறிநோயால் நம் நாட்டில் மக்கள் மாண்டுகொண்டிருக்கின்றனர். அந்நோயின் குறி வெளிப்பட்ட பின்னர்ப் பிழைத்தோர் உலகிலேயே மிக மிகச் சிலர். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயினால் வருவன என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

கணக்குப் பார்ப்போரே, இதனையும் கணக்கிட்டுப் பாருங்கள். நாய்க்கு மூன்று மாதம் நிரம்பியதும் ஓர் ஊசி, பின் வைத்தியர் கூறும் தவணையில் ஒன்று, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. ஊசி போடாத நாய் ஒருவரைக் கடித்தாலோ, காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவியபின், முதல் நாளிலும் 3, 7, 28-ஆம் நாட்களிலுமாக அவருக்கு நான்கு முறை ஊசி. காயம் ஆழமாயின் காயத்திலேயே செலுத்தவேண்டிய எதிர்ப்பு மருந்து வேறு. அவர் கூலிக்காரராயின் அத்தனை நாட்கூலியும் போயிற்று. இம்மருந்தை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகின்றனர். ஆனால் இலவசம் என்பது யார் பணம்? நாய்க்காரர் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயை, அந்நாயைக் கண்ணாற் கண்டறியாத ஊரார் பன்மடங்காகக் கொடுக்கின்றனர். இதற்குச் சிக்கனம் என்று பெயரிடுதல் தகாது. தன் செலவைப் பிறர் தலையில் ஏற்றுதல் என்பதே அதற்குரிய பெயர்.

ஊசிக்கும் மலிவான வழி இல்லாமல் இல்லை. அரசு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுதல் கௌரவக்குறைவு என்று எண்ணுவாரே அவ்வழியை இழப்பவர். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடப்பட்டுவருகின்றது. அதனையொட்டி இலவச ஊசி முகாம்கள் நடைபெறுவது வழக்கம். வெறிநோய் ஊசியோடு, 1978-இல் உலகெங்கும் திடீரெனப் பரவிய பார்வோ என்னும் குடல்நோய்க்குரிய ஊசியையும் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கிவிடுதல் வேண்டும். அந்நோய் கண்ட குட்டியைப் பிழைப்பிக்க ஒரு வாரம் நாளம் வழியே நீரேற்றும் செலவு, ஊசி விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

கருத்தடை அறுவையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒருமுறை ஆகும் செலவு எனினும், பெண்ணாய்க்கு முதுமையில் கருப்பையிற் சீழ்பிடித்து நடுநிசியில் அறுவை செய்யும் பெருஞ்செலவை அது தவிர்க்கின்றது. ஈற்றுக்கு ஐந்தும் ஆறுமாய்ப் பிறக்கும் குட்டிகளைக் கோணிப்பையில் இட்டு ஊருக்கு வெளியே விடும் பழிச்செயலையும் தவிர்க்கின்றது.

'ஒரு நாய்க்கு இத்துணைக் கணக்கு எதற்கு? மனிதனுக்கே வழியில்லாத நாடு' என்பாரும் உளர். வழியில்லாதவர் நாய் வளர்க்கவேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டினது. ஆநிரை காத்து வீழ்ந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் அவன் நாயையும் பெயர் பொறித்து அக்கல்லிற் காட்டியுள்ளனர். 7-ஆம் நூற்றாண்டில் ஊரார் தம் நாயின் பெயரைக் கல்லில் வெட்டக் கூலி கொடுத்தனர். நாம் கேட்பது ஊசிக் கூலி.

நம் கல்லூரி விடுதி மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ஆடியிலும் ஆவணியிலும் எங்கிருந்தோ வரும் குட்டியைப் பத்துப் பேர் சேர்ந்து பெயரிட்டுச் சோறிட்டு வளர்ப்பதும், ஏப்ரலில் தேர்வு முடிந்து விடுதி அடைபடும்பொழுது அக்குட்டி வாயிற்படியில் நின்று பார்ப்பதும் பல கல்லூரிகளிற் கண்டது. கல்வி நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பர் 7-ஆம் நாள் ஆணையிட்டிருக்கையில், பத்துப் பேருக்கும் பொதுவான நாய் எவருக்கும் உரியதன்று என்றே கொள்ளப்படும். ஆதலின் சோறிடுமுன் ஒரு சொல் பேசிக்கொள்ளுங்கள். ஊரில் வீடும் வீட்டாரின் சம்மதமும் உடைய ஒருவர் அக்குட்டியைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு சென்றுவிடட்டும். முதலாண்டின் ஊசிக்கும் அறுவைக்கும் ஆகும் பணத்தை ஏனைய ஒன்பதின்மரும் பகிர்ந்து அவர் கையிற் கொடுக்கட்டும். தலைக்கு வருவது, ஒரு மாதம் மாலைதோறும் அருந்தும் தேநீர் விலைக்கு மேற்போகாது. குட்டிக்கு எட்டு வாரம் ஆகுமுன் இதனை முடித்துக்கொண்டால் முதல் ஊசிக்கும் நாள் தவறாது.